எழுத்தும் பொதுவுடைமையும்

மொழி ஒரு கூட்டத்தாரின் பொதுச்சொத்து என்பதை மறுப்பார் எவருமில்லை. ஆனால், அம்மொழியை எழுதுதற்குரிய எழுத்து யாருடைய சொத்து என்று வினவினால், இவ்வினாவே வீண் என்பர் பலர். "எழுத்து எல்லார்க்கும் பொது, அதற்கு வேலி கட்டுவார் யார்?" என்பது அவர் கூற்று. சென்ற நாற்பதாண்டு வரலாற்றை அறிந்தவர் அங்ஙனம் கூறார். கணினி நம்மிடையே புகுந்த நாளில், தமிழெழுத்து நெடுங்காலம் துண்டு துண்டாகப் பங்கிடப்பட்டுக் கிடந்தது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்க விரும்பின், எழுதியவர் கையாண்ட எழுத்துருவையே தாமும் தேடிப்பெற வேண்டியிருந்தது. சாதிக்கொரு கிணறு வைத்து வாழ்ந்த நாடு, நிறுவனத்துக்கொரு நெடுங்கணக்கு வைத்து எழுதிற்று. அந்நிலை எங்ஙனம் நேர்ந்தது, எங்ஙனம் நீங்கிற்று, அதில் மலேசியத் தமிழரின் பங்கு யாது, இனி நாம் செய்யக்கடவது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொது அளவின் பயன்

கணினி எழுத்தைப் பற்றிப் பேசுமுன், நமக்கு நன்கு பழக்கமான இரண்டு பொருள்களை நோக்குவோம். ஒன்று இருப்புப்பாதை, மற்றொன்று ரப்பர்.

பேராக் மாநிலத்தில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கு 1885-இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டாகிய 1886-இல் சிலாங்கூரில் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கிற்று. இவ்விரு பாதைகளும் வெவ்வேறு மாநிலங்களுக்கு உரியன. வெவ்வேறு நிருவாகத்தின்கீழ் இருந்தன. ஆயினும் தண்டவாளங்களின் இடையகலம் இரண்டிலும் ஒரே மீட்டராக இருந்தது. அதனால் 1901-இல் இவை ஒரே நிருவாகத்தின்கீழ் வந்தபோது, ஒரு தண்டவாளத்தையும் பெயர்த்து அகலம் மாற்ற வேண்டிய தேவை நேரவில்லை. இந்தியாவிலோ அகலப்பாதை, மீட்டர் பாதை, குறுகிய பாதை எனப் பலவகை அமைந்தமையால், ஒரு பாதையிற் சென்ற சரக்கைச் சந்திப்பில் இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்றும் வீண்செலவு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. பாதைகளை ஒரே அகலத்திற்குக் கொணரும் திட்டம் அங்கு 1992-இல்தான் தொடங்கப்பெற்றது. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்த நம்மவர்க்கு இதன் அருமை விளங்காமற் போகாது.

ரப்பரின் கதையும் அத்தன்மைத்தே. முன்னாளில் ரப்பர்த் தகடுகளைக் கண்ணாற் பார்த்தே தரம் பிரித்தனர். 1965-இல் இந்நாட்டில் தர நிருணய ரப்பர்த் திட்டம் வந்தது. அதன்பின் அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் சோதித்துத் தரம் குறிக்கலாயினர். ரப்பர் அவரவர் தோட்டத்தது; அளவுகோல் மட்டும் அனைவருக்கும் பொது. பால் நிறுக்கும் தராசு எவர் கையில் இருந்ததோ அவர் சொன்னதே எடை என்றிருந்த நாளை நம் மூத்தோர் மறந்திரார். அளவுகோல் ஒருவர் கைக்குள் அடங்கினால், உழைத்தவன் அவர் வாயையே பார்த்து நிற்க வேண்டும். எழுத்துக்கும் இது பொருந்தும் என்பதை இனிக் காண்போம்.

ஏட்டிலிருந்து பொறிக்கு

தமிழெழுத்து என்றும் ஒரே வடிவில் இருந்ததன்று. எழுதும் கருவி மாறுந்தோறும் எழுத்தும் மாறியே வந்திருக்கின்றது. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று புள்ளியையே விட்டெழுதினர். அதனால் மெய்யெழுத்து எது, உயிர்மெய் எது என்று படிப்போரே ஊகித்தறிய வேண்டியதாயிற்று. எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் அவ்வாறே மயங்கிக் கிடந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இரட்டைக் கொம்பும் பிற குறிகளும் வகுத்து அம்மயக்கத்தைத் தீர்த்தார். அவர் பிறப்பால் இத்தாலியர். இன்று நாம் 'ஏ' என்றும் 'ஓ' என்றும் வேறுபடுத்தி எழுதுவது அவர் செய்த சீர்திருத்தத்தின் பயனே.

அச்சு வந்த வரலாறும் அறியத்தக்கது. 1554-இல் லிஸ்பன் நகரில் அச்சான தமிழ் நூல், தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் தாங்கி வந்தது. தமிழுக்கு அச்செழுத்து அப்போது வார்க்கப்படவில்லை. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்திலேயே வெளிவந்தது. அஃதாவது, புதிய கருவி ஒன்று தோன்றியபோது தமிழ் முதலில் இரவல் எழுத்தில் ஏறி, பிறகுதான் தன் எழுத்தில் ஏறிற்று. இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக. இது மறுபடியும் நிகழ்ந்திருக்கின்றது.

1935-இல் பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தார். ணா, றா, னா, ணை, லை முதலிய பதின்மூன்று எழுத்துகள் தம் இனத்தோடு ஒவ்வாத தனி வடிவம் பெற்றிருந்தன. அவற்றை ஏனைய எழுத்துகளைப்போல் ஒழுங்குபடுத்தினால் சிறுவர் கற்பது எளிதாகும்; அச்சுக்கோப்பவர் பெட்டியில் அறைகளும் குறையும். இத்துணை எளிய சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978-இல்தான் ஆணையாக்கிற்று. இடையில் கழிந்தவை நாற்பத்துமூன்று ஆண்டுகள்! எழுத்தைத் தெய்வத்தன்மை பொருந்தியதென்று கருதி அதன் கோட்டைத் தொடவும் அஞ்சியோர் எத்துணையர் என்பது இதனால் விளங்கும்.

தட்டச்சுப்பொறியில் தமிழை ஏற்றிய பெருமையில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா 1907-இல் மலாயாவுக்கு வந்து, பின்னர்ச் சிங்கப்பூரில் ஒரு வணிக நிலையத்தில் அலுவல் பார்த்தவர். 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளில் எங்ஙனம் அடக்குவது என்பதே அவர்முன் நின்ற புதிர். அவர் வகுத்த முறைப்படி ஜெர்மனியில் பொறிகள் செய்விக்கப்பெற்று விற்பனைக்கு வந்தன. தமிழ்த் தட்டச்சில் புள்ளி முதலிய குறிகளுக்கு நகராத விசைகள் உண்டு. புள்ளியை முதலில் தட்டினால் உருளை நகராது நிற்கும். பின் தட்டும் மெய் அதன்கீழ் வந்து அமரும். கொம்பும் மெய்க்கு முன்னரே தட்டப்பெறும். நாவில் பிறக்கும் முறை வேறு, கை தட்டும் முறை வேறு என்னும் இப்பிளவு, பின்னாளில் கணினிக்குள்ளும் புகுந்து தொல்லை தந்தது.

நிறுவனத்துக்கொரு நெடுங்கணக்கு

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்தால், எண்ணைக் கொண்டு எழுத்தைத் திரையிற் காட்டும். அமெரிக்கர் 1963-இல் வகுத்த அட்டவணையில் 128 இடங்களே இருந்தன. அவை ஆங்கிலத்திற்கே போதுமாயிருந்தன. தமிழுக்கு இடமில்லை. என் செய்வது? நம்மவர் ஒரு தந்திரம் கண்டனர். ஆங்கில எழுத்தின் எண்ணிலேயே தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தனர். கணினி அதனை ஆங்கிலமென்றே கருதும். கண்ணுக்கு மட்டும் தமிழாகத் தோன்றும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தாலோ, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே காணப்படும். ஒவ்வோர் எழுத்துருவாளரும் தத்தம் விருப்பப்படி இடம் ஒதுக்கினமையால், ஒருவர் 'க' வைத்த எண்ணில் மற்றொருவர் 'ழ' வைத்தார். ஒரே ஊரில் இரு அச்சகங்கள், ஒன்று எழுதியதை மற்றொன்று படிக்கவியலாமல் நின்றன.

இக்குழப்பத்தினூடே உழைத்தோருள் முதன்மையானவர் மலேசியரான முத்து நெடுமாறன். அவர் 1985-இல் 'முரசு' என்னும் மென்பொருளை உருவாக்கினார். பின்னர் 'முரசு அஞ்சல்' வந்தது. ஆங்கில விசைகளை ஒலிக்கேற்பத் தட்டினால் தமிழ் தோன்றும் முறையை அது பரப்பிற்று. ஆங்கிலப் பள்ளியிற் பயின்று தமிழ்த் தட்டச்சை அறியாத நம்மனோர் ஆயிரக்கணக்கானோர் தமிழில் எழுத முன்வந்தமைக்கு அது பெருந்துணை புரிந்தது. சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 1995-இல் அந்நாட்டுக் கவிதைகளைத் தமிழுட்பட நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றும் பணியில் ஈடுபட்டார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராக விளங்கிய கு. கலியாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து எல்லார்க்கும் இலவசமாக வழங்கினார். ஆஸ்திரேலியாவில் குடியேறிய மலேசியரான பாலா பிள்ளை உலகத் தமிழரை மின்னஞ்சல் வழியே கூட்டினார். இவர்களுள் எவரையும் எந்த அரசும் இப்பணிக்கென்று அமர்த்தவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாட்டில், உலகத் தமிழர்க்கு ஒரே எழுத்தட்டவணை வேண்டுமென்னும் கோரிக்கை வலுப்பெற்றது. அதன்பின் கலியாணசுந்தரம், முத்து நெடுமாறன் முதலியோர் கலந்து விவாதித்து 'திஸ்கி' என்னும் பொது அட்டவணையை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாடோ வேறு அட்டவணைகளை வகுத்தது. அவற்றையும் 'தமிழ் 99' விசைப்பலகையையும் தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டே ஏற்றது. ஒன்று வேண்டுமென்று கூடியோர் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைப் பெற்றுத் திரும்பினர். கடல் கடந்த தமிழர் பெரும்பாலும் ஒன்றையும், தாயகத்தார் மற்றொன்றையும் கைக்கொண்டனர். இத்துணைப் பிணக்கிடையிலும் 2000-இல் சிங்கப்பூரில் 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றிற்று. 2001 ஆகஸ்டில் நம் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு கூடிற்று.

இப்பிணக்கைத் தீர்த்தது மூன்றாமொன்று. உலக மொழிகள் அனைத்திற்கும் ஒரே அட்டவணை என்னும் நோக்குடன் 1991-இல் வெளிவந்த யூனிகோடில் தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பெற்றிருந்தன. விண்டோஸ் 2000 வந்தபோது அவ்வெழுத்து கணினிக்குள்ளேயே அமைந்து வரத் தொடங்கிற்று. நாளடைவில் திஸ்கியும் ஏனையவும் ஒதுங்கின. நாம் இன்று கைபேசியில் காணும் தமிழ் யூனிகோடு தமிழே.

எழுத்து வேறு, எழுதுகோல் வேறு

நிற்க. "எழுத்து பொது என்றால், மென்பொருள் செய்தவரும் தம் உழைப்பை இலவசமாகக் கொடுத்துவிட வேண்டுமா?" என்று கேட்பாரும் உளர். நேர்மையான கேள்வியே. எழுத்து வேறு, எழுதுகோல் வேறு என்பதை உணர்ந்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். எழுதுகோல் செய்வோன் அதனை விற்று வாழலாம். நல்ல கோலுக்கு நல்ல விலை கேட்கலாம். ஆனால் அந்தக் கோலால் எழுதியதை அவனிடம் கோல் வாங்கியவர் மட்டுமே படிக்கலாமென்பது அறமாகாது. முரசு அஞ்சல் தனியார் படைப்பே. ஆயினும் அதனை ஆக்கியவர் பொது அட்டவணை வகுக்கும் பணியிலும் முன்னின்றார். இன்று ஆப்பிள் கருவிகளில் உள்ள தமிழ் எழுத்துருக்களின் பெயரில் 'எம்.என்.' என்று காண்பது அவர் பெயரின் முதலெழுத்துகளே. உடைமையும் பொதுமையும் ஒருங்கே வாழலாமென்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இதற்கு அப்பாலும் சென்று, எழுதுகோலையே பொதுவாக்கியோரும் உளர். 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன், மென்பொருளின் உட்கூற்றை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை வேண்டுமென்று இயக்கம் தொடங்கினார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' என்பதை வெளியிட்டார். 1993 ஏப்ரல் 30-ஆம் நாள் ஜெனீவாவின் அணு ஆய்வுக்கூடம், தன் அறிஞர் டிம் பெர்னர்ஸ் லீ கண்ட வையவிரிவு வலையை எவரும் கட்டணமின்றிக் கையாளலாமென்று அறிவித்தது. அன்று அதற்கு வரி விதித்திருந்தால், இன்று கேரித் தீவுத் தோட்டத்துப் பிள்ளை தன் கைபேசியில் திருக்குறளைத் தேடிப் படிக்க இயன்றிராது.

நம்மவரும் இந்நெறியில் பின்தங்கவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு எல்லார்க்கும் வழங்கினர். 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றிற்று. 'தமிழா' என்னும் தன்னார்வக் குழுவினர் 'எ-கலப்பை' என்னும் எழுதுகருவியை இலவசமாகத் தந்தனர். உழுதொழில் செய்வார்க்குக் கலப்பை போல எழுதுவார்க்கு இக்கருவி என்னும் கருத்தில் அமைந்த பெயர் எத்துணைப் பொருத்தம்!

இரவல் எழுத்தின் கேடு

1554-இல் லிஸ்பனில் நேர்ந்தது கைபேசிக் காலத்திலும் நேர்ந்ததென்று முன்னர்க் குறிப்பித்தோம். நம் இளைஞர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதைக் கண்டு, "மொழிப்பற்று இல்லை" என்று சினந்துரைப்போர் பலர். பற்றின்மை ஒரு காரணமாயிருக்கலாம். ஆனால் அளவுகோலின் காரணத்தையும் அறிய வேண்டும். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தாயின் 160 அடங்கும். யூனிகோடு எழுத்தாயின் 70 குறிகளே அடங்கும். தமிழில் 'கோலாலம்பூர்' என்பது கண்ணுக்கு ஆறெழுத்து. கணினிக்குப் பதினொரு குறிகள். ஆதலின் தமிழெழுத்தில் எழுதியவன், அதே செய்திக்கு இருமடங்கோ மும்மடங்கோ செலவிட நேர்ந்தது. அன்றியும், பழைய கைபேசிகளில் தமிழெழுத்தே தோன்றாது. ஏழைப் பிள்ளை இரவல் எழுத்தை நாடியதில் வியப்பென்ன? 2005-இல் 'செல்லினம்' என்னும் செயலி சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கைபேசியில் தமிழ் எழுதும் வழியைத் திறந்தது. இன்று கருவியும் மாறிற்று, கட்டணமும் மாறிற்று. பழக்கம் மட்டும் மாறவில்லை. தடை நீங்கிய பின்னும் தடையால் வந்த வழக்கத்தைக் காத்து நிற்பது பகுத்தறிவாகாது.

இரவல் எழுத்தின் கேட்டைத் தோட்டக் கணக்கெழுதுவோர் நன்கறிவர். ஒரே குடும்பத்தில் தந்தை பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் வேறுவிதமாகவும், செக்ரோலில் மற்றொருவிதமாகவும் உரோமன் எழுத்தில் காணப்படும். சேமநிதிக்கும் பென்ஷனுக்கும் அலையும்போது, மூன்றும் ஒருவரே என்று நிறுவுதற்குச் சத்தியப் பத்திரம் வேண்டும். எழுத்தொழுங்கு படித்தோரின் பொழுதுபோக்கு என்று நினைப்போர், அப்பத்திரத்திற்காக ஒரு நாட்கூலியை இழந்து வரிசையில் நிற்பவரைக் கேட்டறிவாராக.

குறையுள்ள பொதுமை

யூனிகோடு குறையற்றதா? அன்று. அதன் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்கென 1988-இல் வகுத்த அட்டவணையின் அச்சில் வார்க்கப்பட்டது. நம் இலக்கணம் 'க்' என்னும் மெய்யை அடிப்படையாகக் கொள்ளும். அவ்வட்டவணையோ 'க' என்பதை அடிப்படையாக்கி, அதன்மேற் புள்ளியைத் தனிக்குறியாக வைத்தது. ஆதலின் மெய்யெழுத்துக்கு இரு குறிகள் வேண்டியதாயிற்று. இக்குறையைச் சுட்டி, தமிழெழுத்து ஒவ்வொன்றிற்கும் தனியிடம் தரும் வேறோர் அட்டவணையை அறிஞர் வகுத்தனர். 2010-இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடுடன் அதனையும் ஏற்று ஆணையிட்டது. அவர் வாதம் இலக்கண நெறிப்படி சரியானதே. ஆனால் ஒருமுறை அளித்த இடத்தை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் விதி. மாற்றினால் உலகெங்கும் எழுதி வைத்தவை யாவும் கெடுமன்றோ? குறையுள்ள பொது எழுத்து, குறையற்ற தனியெழுத்தினும் மேலானது என்பதே நம் கருத்து. பர்மியர் நெடுங்காலம் யூனிகோடுக்கு ஒவ்வாத 'ஜாஜி' எழுத்துருவையே கையாண்டு, 2019 அக்டோபரில்தான் பொதுமுறைக்கு மாறத் தொடங்கினர். காலந்தாழ்த்துந்தோறும் மாற்றத்தின் சுமை ஏறும் என்பதை அவர் அனுபவம் காட்டுகின்றது.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் வேறொன்று. அட்டவணை வகுத்த நாளில் அந்த மேசையருகே தமிழர் குரல் போதிய அளவு ஒலிக்கவில்லை. பந்தி முடிந்தபின் சென்று பரிமாறிய முறை தவறு என்று வாதிட்டோம். முயன்றால் இயலும் என்பதற்கும் சான்றுண்டு. முந்திரி, அரைக்காணி முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் கணக்குக் குறிகளுமாக 51 குறியீடுகள் 2019-இல் யூனிகோடில் இடம்பெற்றன. உரியவர் ஏடுகளைத் தேடி, ஆதாரம் திரட்டி, முறைப்படி விண்ணப்பித்தமையால் அது கைகூடிற்று. மேடைமுழக்கத்தால் ஆகாதது, ஒழுங்காக எழுதிய விண்ணப்பத்தால் ஆயிற்று.

செய்யக்கடவன

1924-இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோயிற்று. நம் இதழ்களும் சங்கங்களும் என்றும் நிலைத்திருப்பன அல்ல. அவை எழுதி வைத்தவையே எஞ்சுவன. ஆலய நிருவாகம், இளைஞர் மன்றம், பழைய மாணவர் சங்கம் ஆகியவற்றின் கணினிகளில், தனியெழுத்துருவில் அடைந்து கிடக்கும் மலர்களும் அறிக்கைகளும் எத்துணை! அவ்வெழுத்துரு மறைந்தால் அவையும் ஊமையாகும். அவற்றை இன்றே யூனிகோடுக்கு மாற்றுவதற்கு இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒரு மாணவரும் சில மாலைப்பொழுதுகளுமே வேண்டுவன.

இந்நாட்டிலுள்ள 500-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளையும் ஆறாம் ஆண்டு முடிக்குமுன் தமிழில் தட்டச்சிடப் பழக வேண்டும். பெற்றோர் சங்கங்கள் கணினி வாங்கும்போது, விலையை மட்டும் பாராமல், அதில் எழுதியது வேறெந்தக் கணினியிலும் திறக்குமா என்று கேட்க வேண்டும். கட்டற்ற மென்பொருளால் ஆகும் வேலைக்குக் காசு கொடுத்து உரிமம் வாங்குவது, ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு தண்ணீரை விலைக்கு வாங்குவது போலாம். படித்த இளைஞர் சிலரேனும் மொழிபெயர்ப்பிலும் எழுத்துரு ஆக்கத்திலும் புகுந்து, அடுத்த அட்டவணை வகுக்கும் மேசையருகே நமக்கும் ஓர் இருக்கை உண்டாகுமாறு உழைக்க வேண்டும்.

கிணற்றைப் பொதுவாக்க நம் முன்னோர் பட்ட பாடு பெரிது. எழுத்தைப் பொதுவாக்கும் பாட்டில் பெரும்பகுதியை ஊதியம் கருதாத சிலர் நமக்காகப் பட்டு முடித்துவிட்டனர். எஞ்சியது சிறிதே. அதனை நம் பள்ளிகளும் சங்கங்களும் இவ்வாண்டிலேயே தொடங்கி ஆவன செய்யுமென நம்புகின்றோம்.